ரும்பா பட்டனும் ஒரு ஆர்மோனியக்காரரும்

ஆடி மாதம் வந்தால் சைதாப்பேட்டைத் தெருக்களில் பகலில் கூழ் மணக்கும், இரவில் பாட்டுக் கச்சேரி முழங்கும். அம்மன் கோயில் வாசலில் சீரியல் பல்பு, தெருவை அடைத்து மேடை, ஆள் உயர ஸ்பீக்கர். மைக்கில் 'ஹலோ செக், ஹலோ செக்' முடிந்ததும் பக்திப் பாட்டில் ஆரம்பித்து, பத்து மணிக்கு மேல் தெருவே ஆடுகிற பாட்டுகளுக்கு வந்து நிற்பார்கள்.

அந்த மேடையில் இரண்டு விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள். கீ போர்டு வாசிப்பவர் பாட்டு தொடங்கும் முன்பு ஒரு பட்டனை அழுத்துவார். சின்னத் திரையில் 'ரும்பா' என்று ஒரு பெயர் ஓடும். தாளம் தானாகவே கிளம்பிவிடும். அவருக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் நிற்கும் நீளமான தோல் வாத்தியத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருப்பவரிடம் அதன் பெயரைக் கேட்டால், 'தும்பா' என்பார்.

ரும்பா, தும்பா இரண்டுமே கியூபாவிலிருந்து வந்த வார்த்தைகள். வெற்றிலை பாக்கு விற்கும் பஜார் ரோடு வரைக்கும் அவை எப்படி வந்து சேர்ந்தன? அதற்குப் பதில் தேடினால் முதலில் இரண்டு கியூபா பியானோக்காரர்கள் வருகிறார்கள். பிறகு, பாலக்காட்டிலிருந்து வந்த ஓர் ஆர்மோனியக்காரர் வருகிறார். அவரை உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

கடலை விற்றவரின் குரல்

1930, ஏப்ரல் மாதம். நியூயார்க்கின் பேலஸ் தியேட்டர் மேடையில் ஹவானாவிலிருந்து வந்த ஒரு நடன இசைக்குழு ஏறியது. தலைவர் டான் அஸ்பியாசு. பியானோ கலைஞர். அன்று அவர்கள் வாசித்த ஒரு பாட்டு, ஹவானா தெருவில் வறுத்த கடலை விற்பவர் கூவிக்கொண்டு போவதை வைத்துக் கட்டியது. நம் ஊரில் 'சூடா சுண்டல்' என்று குரல் கொடுப்பதைப் போலத்தான். மெட்டமைத்தவர் மொய்சே சிமோன்ஸ், பாடியவர் அந்தோனியோ மச்சின். அடுத்த மாதமே அது ரிக்கார்டாகப் பதிவானது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்தக் கடலைக்காரருக்கு ஆட ஆரம்பித்தன.

அந்த ரிக்கார்டின் மேல் 'ரும்பா' என்று அச்சடித்தார்கள். கியூபாக்காரர்களுக்கு ரும்பா என்றால் வேறு. துறைமுகத் தொழிலாளர்களும் கறுப்பின மக்களும் குடியிருப்பு முற்றங்களில் மரப்பெட்டியையும் தோல் வாத்தியத்தையும் தட்டி ஆடிப் பாடுவது அது. கடலைப் பாட்டோ 'சோன்' என்ற வகையைச் சேர்ந்தது. விற்பனைக்காக ஒட்டிய அந்தப் பெயர்தான் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. இன்று கீ போர்டு திரையில் ஓடுவதும் அதே பெயர்தான்.

இரண்டாமவர் பெரெஸ் பிராடோ. 1916-ல் கியூபாவின் மட்டன்சாஸ் நகரில் பிறந்தவர். ஹவானாவில் 'கசினோ டி லா பிளாயா' என்ற புகழ்பெற்ற நடனக் குழுவில் பியானோ வாசித்து, வாத்திய அமைப்பும் செய்துகொண்டிருந்தார். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒன்றோடொன்று மோதுகிற மாதிரி அவர் எழுதிய இசை, 'இது நம்ம ஊர்ப் பாட்டு மாதிரியே இல்லையே' என்று ஹவானாவில் சிலரை முகம் சுளிக்க வைத்தது. ஊரைவிட்டு மெக்சிகோவுக்குப் போனார். அங்கே 1949-ல் பதிவான அவருடைய மாம்போ இசை காட்டுத்தீயாகப் பரவியது. 1955-ல் அவருடைய ரிக்கார்டு ஒன்று அமெரிக்கப் பட்டியலில் தொடர்ந்து 10 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1958-ல் இன்னொரு முறை முதலிடம். மேடையில் குழுவினரைப் பார்த்து உறுமுவது போல ஒரு சத்தம் கொடுப்பார், அதுவே அவருடைய முத்திரை.

இந்த இருவரும் செய்த வேலை ஒன்றுதான். தெருவிலும் முற்றத்திலும் கிடந்த ஒரு தாளத்தை எடுத்து, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்கிற மாதிரி ஒழுங்கு செய்து, கடல் தாண்டி அனுப்பினார்கள். குழுத்தலைவர் என்பவர் அதிகம் வாசிப்பவர் இல்லை. யார், எப்போது, எவ்வளவு வாசிக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

மெட்ராஸுக்கு வந்த தாளம்

ரிக்கார்டு, ரேடியோ, ஆங்கிலப் படம் என்று பல வழிகளில் அந்தத் தாளம் இந்தியாவுக்குள் நுழைந்தது. பம்பாயில் கோவா இசைக்கலைஞர்கள் அதை ஓட்டல் மேடைகளிலிருந்து சினிமாவுக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்ப் பாட்டுக்குள் லத்தீன் அமெரிக்கச் சாயலை முதலில் கலந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் சி.ஆர்.சுப்பராமன். பதின்வயதிலேயே எச்.எம்.வி. நிறுவனத்தில் ஆர்மோனியக் கலைஞராகச் சேர்ந்தவர். 'பைத்தியக்காரன்', 'ராஜமுக்தி', 'லைலா மஜ்னு', 'மணமகள்' என்று தமிழிலும் தெலுங்கிலும் அடுத்தடுத்து இசையமைத்தார். கர்நாடக ராகத்தை வைத்துக்கொண்டே வெளிநாட்டுத் தாளத்தை அதன் கீழ் ஓடவிடுவது அவருக்குக் கைவந்த கலை.

அவருடைய குழுவில் ஆர்மோனியம் வாசிக்க ஒரு மெலிந்த இளைஞர் இருந்தார். வயலின் வாசிக்கத் திருச்சியைச் சேர்ந்த டி.கே.ராமமூர்த்தி இருந்தார். அந்த மெலிந்த இளைஞரின் பெயர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

எடுபிடிப் பையன் போட்ட மெட்டு

எம்.எஸ்.வி. 1928, ஜூன் 24-ல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். நான்கு வயதில் அப்பா இறந்துபோனார். கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். சினிமா கொட்டகையில் தின்பண்டம் விற்றபடியே படப் பாட்டுகளைக் கேட்டார். நீலகண்ட பாகவதர் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக் கேட்டே இசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பாகவதரே அவரைச் சீடனாக ஏற்றுக்கொண்டார்.

நடிகனாக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கோவையில் ஜூபிடர் பிக்சர்ஸில் கிடைத்ததோ எடுபிடி வேலை. அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் அறையில் டீ வாங்கிக் கொடுத்து, ஆர்மோனியத்தைத் துடைத்துவைத்துக்கொண்டிருந்தார். 'அபிமன்யு' படத்தில் ஒரு பாட்டுக்கு மெட்டு சரியாக அமையாமல் நாயுடு திணறியபோது, யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பையன் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைப் போட்டுப் பார்த்தான். காதில் விழுந்த நாயுடு அதையே எடுத்துக்கொண்டார். 'இதை நீ போட்டாய் என்று வெளியே சொல்லாதே. சின்னப் பையன் போட்டது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்' என்ற பொருளில் எச்சரித்தும் வைத்தார்.

பின்னாளில் ஜூபிடர் நிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியது. ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நாயுடு முதலாளிகளிடம் உண்மையை உடைத்தார்: அந்த மெட்டு இந்தப் பையனுடையது, இவனை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் எம்.எஸ்.வி. சென்னைக்கு வந்தார். கடைசிக்காலத்தில் சுப்பையா நாயுடுவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவரும் அவரேதான்.

28 வயதில் நின்றுபோன கை

1952, ஜூன் மாதம். சி.ஆர்.சுப்பராமன் திடீரென இறந்துபோனார். வயது 28. கைவசம் முடியாத படங்கள் பல. 'தேவதாஸ்' அதில் ஒன்று. அதைத் தயாரித்த வினோதா நிறுவனத்தில் சுப்பராமனும் ஒரு பங்குதாரர்.

தலைவர் இல்லாத குழு பெரும்பாலும் கலைந்துபோகும். வாசிப்பவர்கள் அடுத்த வேலையைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே ஆர்மோனியக்காரரும் வயலின்காரரும் உட்கார்ந்து மீதியை முடித்தார்கள். 1953-ல் 'தேவதாஸ்' வெளிவந்தபோது இசை என்ற இடத்தில் சுப்பராமன் பெயர்தான் இருந்தது. இன்றுவரை அது சுப்பராமன் படம்தான்.

அதே 1952-ல் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இருவரும் இரட்டை இசையமைப்பாளர்களாக அறிமுகமானார்கள். ராமமூர்த்தி வயதில் மூத்தவர். ஆனாலும் பெயர் வரிசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்று அமைந்தது. முன்னால் நிற்பவருக்குப் பின்னால் தாங்கிப்பிடிக்க ஒருவர் வேண்டும் என்று கலைவாணர் சமாதானம் சொன்னதாகத் திரையுலகில் ஒரு கதை உண்டு. அந்த ஏற்பாடு 13 வருடங்கள் நீடித்தது.

ஒரே ஹால், ஒரே டேக்

சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மாம்பலம், அதற்கடுத்தது கோடம்பாக்கம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ்நாட்டின் பாட்டு முழுக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தயாரானது.

அன்றைய ரிக்கார்டிங் எப்படி நடந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குக் கதை மாதிரி இருக்கும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே ஹாலில் இருக்க வேண்டும். நான்கு நிமிடப் பாட்டில் மூன்றரை நிமிடம் சரியாகப் போய், கடைசியில் புல்லாங்குழல் ஒரு சுரம் தவறினால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. ஐம்பது பேர் ஒரே மூச்சாக மூச்சு விட்டால்தான் பாட்டு கிடைக்கும்.

அந்த ஐம்பது பேரையும் ஒரே மூச்சுக்குக் கொண்டுவந்தவர் எம்.எஸ்.வி. கிதாரில் பிலிப், அக்கார்டியனில் மங்களமூர்த்தி, டிரம்ஸில் நோயல் கிராண்ட், உதவியாளராக ஜோசப் கிருஷ்ணா என்று அவரைச் சுற்றி ஒரு பட்டாளமே இருந்தது. ஆங்கிலோ இந்தியர், தேவாலயத்தில் ஸ்டாஃப் நொட்டேஷன் படித்தவர், நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர், தபேலா வித்வான் என்று வேறு வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள் அருகருகே உட்கார்ந்தார்கள்.

கியூபா தாளம் அங்கேதான் சென்னைத் தாளமாக மாறியது. அந்த ஊர் இசையின் முதுகெலும்பு இரண்டு மரக்குச்சிகளில் விழும் ஐந்து தட்டு. மூன்று ஒரு பக்கம், இரண்டு ஒரு பக்கம். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிதான் காலை ஆடவைக்கும். அதன் மேல் போங்கோவும் தும்பாவும் பேசிக்கொள்ளும். நம் ஆட்கள் அந்தப் பேச்சுக்கு நடுவில் தபேலாவையும் டோலக்கையும் நுழைத்தார்கள். மேலே பாடுகிறவருக்கோ ராகம் சுத்தமாக இருந்தது. அதனால்தான் பாட்டிக்கும் பிடித்தது, பேரனுக்கும் பிடித்தது.

1964-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'புதிய பறவை' படத்தில் சிங்கப்பூர் கிளப்பில் சௌகார் ஜானகி பாடும் பாட்டை, குரலை மறந்துவிட்டு போங்கோவை மட்டும் கேட்டுப் பாருங்கள். அதே வருடம் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் இளைஞர்கள் போடும் ஆட்டத்தைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய வருடம்தான் இருவருக்கும் சிவாஜி கணேசன் கையால் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் கிடைத்திருந்தது. அதன் உச்சத்தில், 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். தனியே வந்த எம்.எஸ்.வி. 1966-ல் 'அன்பே வா' கொடுத்தார். 1979-ல் சிங்கப்பூருக்குக் கச்சேரிக்குப் போகும் இசைக்குழுவைப் பற்றியே ஒரு படம் வந்தது. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்'. அதற்கும் இசை இவர்தான்.

காலையில் ஒரு மெட்டு

எம்.எஸ்.வி.க்கும் சைதாப்பேட்டைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு.

1967-லும் 1971-லும் சைதாப்பேட்டை தொகுதியில் நின்று வென்றவர் மு.கருணாநிதி. சைதாப்பேட்டை எம்.எல்.ஏ. முதல்வராக இருந்த 1970-ல்தான், மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வரிகள் தமிழ்நாடு அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாயின. மெட்டமைத்தவர் எம்.எஸ்.வி. மோகன ராகம், மூன்று மூன்றாக நடக்கும் தாளம். 2021-ல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, 55 விநாடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்று அரசாணை வந்தது.

சங்கீதம் படிக்காத ஆயிரம் பிள்ளைகள் வெயிலில் நின்று ஒரே குரலில் பாட வேண்டும், எங்கேயும் மூச்சு வாங்கக் கூடாது, தலைமையாசிரியருக்கும் சுருதி இடறக் கூடாது. இதற்கு மெட்டுப் போடுவது பெரிய சவால். யாரால் எவ்வளவு முடியும் என்று தெரிந்த குழுத்தலைவரால்தான் அது முடியும். காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடுவதும், ராத்திரி அம்மன் கோயில் மேடையில் போங்கோவோடு ஒலிப்பதும் ஒரே மனிதரின் வேலை என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

பட்டன் எடுத்துக்கொண்ட இடம்

பெரெஸ் பிராடோவின் புகழ் ராக் அண்ட் ரோல் வந்த பிறகு மங்கியது. மெக்சிகோவிலேயே தங்கி, 1989-ல் அங்கேயே இறந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய 'மாம்போ நம்பர் 5' புது உருவத்தில் உலகம் முழுக்க ஹிட்டானது. பாடியவர் வேறு, குழு வேறு.

எம்.எஸ்.வி.க்கு 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு படங்கள் படிப்படியாகக் குறைந்தன. அவர் அதைக் கசப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. 1986-ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் இளையராஜாவோடு சேர்ந்து இசையமைத்தார். தன் குழுவில் ஒருகாலத்தில் கீ போர்டு வாசித்த ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'சங்கமம்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களில் பாடினார். தான் உட்காரவைத்து வேலை வாங்கிய பையன் கைகாட்ட, மைக் முன்னால் போய் நிற்பதற்குப் பெரிய மனசு வேண்டும்.

அதே காலத்தில்தான் ரிக்கார்டிங் ஹால்கள் சுருங்க ஆரம்பித்தன. தனித்தனி டிராக்கில் பதியும் வசதி வந்தது. பிறகு ஒரே கீ போர்டில் வயலின், புல்லாங்குழல், தும்பா எல்லாம் வந்தன. பாட்டு நின்றுவிடவில்லை. புதிய திறமைகள் வந்தன, வீட்டு அறையில் உட்கார்ந்து பாட்டுப் போடும் சுதந்திரமும் வந்தது. ஆனால், ஒரு பாட்டுக்கு ஐம்பது வீட்டில் அடுப்பு எரிந்த காலம் போய்விட்டது.

கோயில் மேடையிலும் அதே கணக்குதான். விழாக் கமிட்டி வசூலிக்கும் பணத்தில் ஸ்பீக்கர், லைட், பந்தல் போக மீதிதான் இசைக்குழுவுக்கு. ஆளைக் குறைத்தால் கட்டுப்படி ஆகும். முதலில் போவது தும்பா, போங்கோ வாசிப்பவர்கள்தான். 'அதான் பட்டன் இருக்கே!'

பட்டனுக்குத் தாளம் தெரியும். ஆனால், பாடகருக்கு இருமல் வந்தால் அது நிற்காது. முன்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து ஆடினால் வேகத்தைக் கூட்டாது. பக்கத்தில் இருப்பவர் தடுமாறினால் கண்ணைக் காட்டித் தூக்கிவிடாது. சுப்பராமன் இறந்தபோது அவர் வேலையை முடித்துவைத்தது மனிதர்கள். ஒரு பட்டன், தன்னை வாசித்தவருக்காக மீதிப் பாட்டை முடித்துக் கொடுக்காது.

2012-ல் விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் ஒரே மேடையில் நிற்கவைத்து, அன்றைய முதல்வர் ஜெயலலிதா 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டமும் 60 பொற்காசுகளும் ஆளுக்கொரு காரும் கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் ராமமூர்த்தி காலமானார். 2015, ஜூலை 14-ல் விஸ்வநாதனும் போய்ச் சேர்ந்தார். பத்ம விருது எதுவும் கடைசிவரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

விருதை இனி யாரும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. ஆனால், அவர் செய்த ஒரு காரியத்தை நாம் செய்யலாம். 'தேவதாஸ்' படத்தில் யாருடைய உழைப்போ அவருடைய பெயர் இருக்கட்டும் என்று விட்டாரே, அது. அடுத்த முறை உங்கள் தெருவில் கச்சேரி நடந்தால், பாடகர் பெயரோடு பின்வரிசையில் தும்பா வாசிப்பவரின் பெயரையும் மைக்கில் சொல்லச் சொல்லிக் கமிட்டிக்காரர்களிடம் கேளுங்கள். அதற்குச் செலவு எதுவும் ஆகாது.